ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டது



இந்த மாதம் ஒரு தம்பதியைப் பற்றிச் சொல்லப்போகிறேன். கணவன் மனைவி அல்ல, கணவனும் கணவனும். இந்த வரியோடு பக்கத்தைப் புரட்டிவிடலாமா என்று சிலர் யோசிப்பீர்கள். நம்முடையது நாள்பட்ட பழக்கம் என்ற உரிமையில் கேட்கிறேன். இன்று மட்டும் கடைசி வரை வாருங்கள். பிடிக்கவில்லை என்றால் திட்டி ஒரு கடிதம் போடுங்கள். உங்கள் திட்டுகளையும் நான் விடாமல் படிப்பவன்தானே!

ஜாக் பேக்கர், மைக்கேல் மெக்கானல். அமெரிக்காவில் மின்னசோட்டா மாநிலத்தில் வாழ்ந்த ஜோடி. 1966-ல் அறிமுகமானார்கள். 1971-ல் கல்யாணம் செய்துகொண்டார்கள். அந்தக் கல்யாணம் செல்லும் என்று ஒரு நீதிபதி எழுதிக் கொடுத்தது 2018-ல். இடையில் ஓடியது 47 வருடம்.

47 வருடம் என்றால் ஒரு பிள்ளை பிறந்து, படித்து, வேலைக்குப் போய், அந்தப் பிள்ளையின் பிள்ளை காலேஜில் சேருகிற காலம். அத்தனை காலமும் சட்டத்தின் கண்ணில் இவர்கள் தம்பதி இல்லை. வீட்டுக்குள்ளே ஒருவருக்கொருவர் எல்லாமும் அவர்கள்தான்.

இருவருமே 1942-ல் பிறந்தவர்கள். ஜாக் சின்ன வயதிலேயே அப்பா, அம்மாவை இழந்தார். சிகாகோ பக்கம் ஒரு கத்தோலிக்க விடுதிப் பள்ளிதான் அவரை வளர்த்தது. பிறகு விமானப்படையில் வேலை பார்த்தார். மைக்கேலுக்கு ஒக்லஹோமா மாநிலத்தின் நார்மன் நகரம். தெருவுக்குத் தெரு பாப்டிஸ்ட் சபைகள் உள்ள, 'பைபிள் பெல்ட்' என்று அமெரிக்கர்களே பெயர் வைத்திருக்கும் பகுதி அது. இப்படி வளர்ந்த இரண்டு பையன்களுக்கு, நீ இருக்கும் விதமே பாவம் என்ற போதனையை யாரும் தனியாக உட்காரவைத்துச் சொல்லித்தர வேண்டியதில்லை. காற்றோடு வருவது அது.

ஊர் நிலவரமும் அதற்குக் குறைவில்லை. அவர்கள் சந்தித்த வருடத்தில் இல்லினாய்ஸ் தவிர மற்ற எல்லா மாநிலங்களிலும் தன்பால் உறவு கிரிமினல் குற்றம். மத்திய அரசு வேலையிலிருந்து இப்படிப்பட்டவர்களை நீக்க ஜனாதிபதி ஐசன்ஹோவர் 1953-லேயே உத்தரவு போட்டிருந்தார். கம்யூனிஸ்ட் வேட்டை நடந்த காலம். கூடவே இந்த வேட்டையும் நடந்தது. ரகசியம் வைத்திருப்பவனை எதிரி நாடு மிரட்டிப் பணியவைக்கும் என்று காரணம் சொன்னார்கள். சொன்னால் வேலை போகும் என்ற பயத்தில்தானே அவன் ரகசியம் வைத்திருந்தான்? அதைக் கேட்கத்தான் ஆள் இல்லை. டாக்டர்கள் தங்கள் பங்குக்கு 1973 வரை இதை மனநோய்ப் பட்டியலில் வைத்திருந்தார்கள். சட்டம் குற்றம் என்றது, வைத்தியம் வியாதி என்றது, கோயில் பாவம் என்றது. ஒரு இளைஞன் எந்தப் பக்கம் ஓடுவான்?

பெரும்பாலோர் ஓடி ஒளிந்தார்கள். சிலர் ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு ஒளிந்தார்கள். அந்தப் பெண்ணின் வாழ்க்கை என்ன ஆயிற்று என்று நான் விவரிக்க வேண்டுமா? நம் ஊரிலும் 'கல்யாணம் பண்ணிவெச்சா சரியாயிடும்' என்று சொல்லும் பெரியவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் ஒரு நிமிஷம் அந்தப் பெண்ணின் இடத்தில் தங்கள் மகளை நிறுத்திப் பார்க்கட்டும்.

மைக்கேல் ஒளியவில்லை. அவருக்கு ஒரு பெரிய அதிர்ஷ்டம் இருந்தது. வீட்டில் சொன்னார், வீடு அவரைத் தள்ளிவைக்கவில்லை. பிற்பாடு இந்த ஜோடிக்கு நடந்த எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம் அந்த நார்மன் வீடுதான் என்பது என் எண்ணம். கோர்ட்டில் தோற்றவனுக்குப் பெற்றவர்களின் வாசல் திறந்திருந்தால் அவன் மறுபடி எழுந்து நிற்பான். அதுவும் அடைத்துவிட்டால்?

1967 மார்ச்சில் ஜாக்கின் 25-வது பிறந்தநாள். சேர்ந்து வாழலாமா என்று ஜாக் கேட்கிறார். மைக்கேல் ஒரு நிபந்தனை போடுகிறார். சரி, ஆனால் முறையாக, சட்டப்படி கல்யாணம் ஆக வேண்டும்.

இந்த இடம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பாருங்கள், புரட்சிக்காரர்கள் என்று பத்திரிகைகள் எழுதிய இந்த இருவரில் ஒருவர் கேட்டது உலகத்திலேயே பழமையான ஒன்றை! ஒக்லஹோமாவின் சர்ச் சூழலில் வளர்ந்த பையனுக்குச் சேர்ந்து வாழ்வது என்றால் கல்யாணம்தான். வளர்ப்பு அவரைவிட்டு எங்கும் போகவில்லை. ஊர் எதிர்பார்க்காத திசையில் வேலை செய்தது, அவ்வளவுதான்.

ஜாக் அந்த நிபந்தனையை ஏற்றார். அப்படி ஒரு கல்யாணத்தை எப்படி நடத்துவது என்று தெரிந்துகொள்ள சட்டம் படிக்கவே போனார். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. மாநிலத்தின் திருமணச் சட்டத்தைப் புரட்டினார். ஆணும் ஆணும் மணக்கக் கூடாது என்று அதில் எங்கும் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை!

1970 மே 18. இருவரும் மின்னியாபோலிஸ் நகரில் கவுன்ட்டி (நம் மாவட்டம் போல) அலுவலகத்துக்குப் போய்த் திருமண உரிமத்துக்கு விண்ணப்பம் கொடுத்தார்கள். கிளார்க் மறுத்துவிட்டார். செய்தி பேப்பரில் வந்தது.

அடுத்து நடந்ததுதான் நடுத்தரக் குடும்பங்களுக்குச் சட்டென்று புரியும். மைக்கேல் படித்துப் பட்டம் பெற்ற நூலகர். அதே பல்கலைக்கழகத்தின் செயின்ட் பால் வளாக நூலகத்தில் கேட்டலாகிங் பிரிவுக்குத் தலைவர் வேலை அவருக்கு முடிவாகியிருந்தது. வருடச் சம்பளம் 11,000 டாலர். அந்த நாளில் மரியாதையான தொகை. உரிமம் கேட்ட செய்தி வந்ததும் பல்கலைக்கழக நிர்வாகக் குழு அந்த வேலையைத் தர மறுத்துவிட்டது. காரணம், அவருடைய நடத்தை பல்கலைக்கழகத்தின் நலனுக்கு உகந்ததல்லவாம். புத்தகங்களுக்கு எண் போட்டு அடுக்குகிற வேலைக்கும் அவர் யாரோடு குடித்தனம் நடத்துகிறார் என்பதற்கும் என்ன சம்பந்தம்?

கேஸ் போட்டார். முதல் கோர்ட்டில் ஜெயித்தார். 1971-ல் மேல்முறையீட்டில் தோற்றார். மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தர்க்கத்தைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: நீ அப்படி இருப்பது பிரச்னை இல்லை. அதை வெளியே சொல்லி, எங்களையும் ஒப்புக்கொள்ளச் சொல்கிறாயே, அதுதான் பிரச்னை. இந்த தர்க்கம் நமக்குப் புதிதா என்ன? 'என்னமோ பண்ணிட்டுப் போ, நாலு பேருக்குத் தெரியாம இரு' என்பதன் ஆங்கிலப் பதிப்புதானே!

அதே 1971-ல் ஜாக் அந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர் தலைவர் தேர்தலில் நின்றார். போஸ்டரில் ஜீன்ஸும் பெண்கள் போடும் ஹைஹீல்ஸும் போட்டு உட்கார்ந்திருந்தார், என் செருப்பில் கால்விட்டுப் பாருங்கள் என்ற பொருளில். ஜெயித்தார். அடுத்த வருடமும் ஜெயித்தார். நிர்வாகம் ஒருவரை வெளியே நிறுத்திய அதே வளாகத்தில் பிள்ளைகள் மற்றவரைத் தலைவராக்கினார்கள். தலைமுறை மாறும்போது இப்படித்தான், ஒரே கட்டடத்துக்குள் இரண்டு காலம் ஓடும்.

உரிமம் மறுத்ததை எதிர்த்து அவர்கள் போட்ட வழக்கு மின்னசோட்டா உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. நீதிபதிகள் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. வக்கீல் பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு நீதிபதி தன் நாற்காலியைத் திருப்பி முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். 1971 அக்டோபர் 15-ல் தீர்ப்பு வந்தது. ஆணும் பெண்ணும் சேர்வதுதான் திருமணம், அது பைபிளின் ஆதியாகமம் அளவுக்குப் பழமையானது என்று எழுதினார்கள். 1967-ல் வெள்ளையரும் கறுப்பரும் மணக்கலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்ததே, அது பொருந்தாதா என்று கேட்டதற்கு, நிறத்தை வைத்துத் தடுப்பது வேறு, ஆண் பெண் பேதம் வேறு, அது பொதுப்புத்திக்கே தெரியுமே என்றார்கள்.

பொதுப்புத்தியின்மேல் எனக்கும் நம்பிக்கை உண்டு. இந்தப் பக்கமே அதை நம்பித்தான் ஓடுகிறது. ஆனால் அதற்குக் கொஞ்சம் ஞாபகமறதியும் உண்டு. அந்தக் கறுப்பு வெள்ளைக் கல்யாண வழக்கில் 1965-ல் வர்ஜீனியாவின் ஒரு நீதிபதி, கடவுள் ஒவ்வொரு இனத்தையும் தனித்தனிக் கண்டத்தில் வைத்தாரே, கலப்பது அவர் சித்தம் இல்லை என்று எழுதியிருந்தார். அன்றைக்கு வர்ஜீனியாவில் அதுதான் பொதுப்புத்தி.

அமெரிக்காவை விடுங்கள். நம் தாத்தா பாட்டி காலத்துக்கு வாருங்கள். 1928-ல் அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்தில் பெரியார் முதல் சுயமரியாதைத் திருமணத்தை நடத்திவைத்தார். ஐயர் இல்லை, அக்கினி இல்லை. அதைப் பார்த்து ஊர் ஊராக அப்படிக் கல்யாணங்கள் நடந்தன. 1953-ல் சென்னை உயர் நீதிமன்றம், உரிய சடங்கு இல்லாததால் இப்படி நடந்த ஒரு திருமணம் செல்லாது என்று சொல்லிவிட்டது. யோசித்துப் பாருங்கள். இருபது, இருபத்தைந்து வருடம் குடித்தனம் செய்து பேரன் பேத்தி பார்க்கப்போகிற நேரத்தில், 'நீங்க சட்டப்படி புருஷன் பொண்டாட்டியே இல்லை' என்றால்? 1967-ல் அண்ணா ஆட்சி கொண்டுவந்த திருத்தச் சட்டம், இனி நடப்பவை மட்டுமல்ல, ஏற்கெனவே நடந்தவையும் நடந்த நாளிலிருந்தே செல்லும் என்றது. அந்தச் சட்டம் வரும்வரை அந்த வீடுகளில் யாரும் கல்யாணம் ஆகாதவர்களாக வாழ்ந்துவிடவில்லை. சட்டம்தான் தாமதமாக வந்து சேர்ந்தது.

இந்த வரலாறு உள்ள நமக்கு ஜாக், மைக்கேல் கதை அந்நியமாகத் தோன்ற நியாயமே இல்லை.

அவர்களிடம் திரும்புவோம். மாநில உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. 1971 ஆகஸ்டில் மைக்கேல் ஜாக்கைச் சட்டப்படி தத்தெடுத்தார். ஆமாம், தத்து! இருவருக்கும் வயது 29. மகன் அப்பாவைவிட இரண்டு மாதம் மூத்தவர். சொத்து ஒருவருக்குப் பின் மற்றவருக்குப் போக வேண்டும் என்று அவர்கள் கண்ட வழி அது. அதோடு ஜாக்கின் பெயரும் பேட் லின் மெக்கானல் என்று மாறியது. ஆணா பெண்ணா என்று பிடிபடாத பெயர். அதை வைத்து மைக்கேல் வேறொரு கவுன்ட்டியில், மன்கேட்டோ நகரில், விண்ணப்பம் கொடுத்தார். உரிமம் கிடைத்தது.

இது தந்திரம்தான். அதில் எனக்குச் சின்ன நெருடல்கூட உண்டு, நேர் வழியில் போனவர்கள் கடைசியில் இப்படிச் சுற்றிப்போனார்களே என்று. ஆனால் கதவு பூட்டியிருக்கும்போது ஜன்னல் வழியாகத் தன் வீட்டுக்குள்ளேயே ஏறி இறங்குகிறவனைத் திருடன் என்றும் சொல்ல மனம் வரவில்லை.

செப்டம்பர் 3, 1971. மின்னியாபோலிஸில் ஒரு ஃபிளாட். இருவரும் வெள்ளை உடையில். நடத்திவைத்தவர் ரோஜர் லின், மெத்தடிஸ்ட் சபைப் போதகர். கதையில் மதம் ஒரே முகத்தோடு வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு பக்கம் ஆதியாகமத்தைக் காட்டி மறுத்த தீர்ப்பு, மறுபக்கம் அதே வேதப் புத்தகத்தை வாசிக்கும் ஒரு போதகரின் ஆசீர்வாதம். மறு வருடமே மெத்தடிஸ்ட் சபை, தன்பால் உறவு கிறிஸ்தவ போதனைக்கு ஒவ்வாதது என்று தன் சட்டப் புத்தகத்தில் எழுதிவைத்தது. அந்த வரியை நீக்க 2024 வரை ஆயிற்று.

கல்யாணம் ஆனது. பதிவு மட்டும் ஆகவில்லை, அதிகாரிகள் பதிய மறுத்துவிட்டார்கள். 1972 அக்டோபரில் அமெரிக்க உச்ச நீதிமன்றமும் அந்த மின்னசோட்டா வழக்கை ஒரே வரியில் தள்ளிவிட்டது. இதில் பேசுவதற்கு முக்கியமான சட்டக் கேள்வியே இல்லை என்றார்கள். அந்த ஒரு வரியைக் காட்டியே அடுத்த நாற்பது வருடத்துக்கு மேல் எத்தனையோ ஜோடிகள் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

பிறகு என்ன ஆயிற்று? பிறகுதான் நிஜமான கதை. பேப்பர்காரர்கள் போய்விட்டார்கள். இவர்கள் குடும்பம் நடத்தினார்கள். மைக்கேலுக்கு ஹென்னபின் கவுன்ட்டி நூலகத்தில் வேலை கிடைத்தது. 37 வருடம் அங்கே வேலை பார்த்து ரிட்டையர் ஆனார். ஜாக் வக்கீல் தொழில் செய்தார். சில தேர்தல்களில் நின்று தோற்றார். நடுநடுவே அரசாங்கத்தோடு சின்னச் சின்ன மல்லுக்கட்டுகள். முன்னாள் படைவீரர் என்ற முறையில் ஜாக்குக்குக் கிடைத்த கல்வி உதவியில், வாழ்க்கைத்துணை இருந்தால் கூடுதல் தொகை உண்டு. கேட்டார்கள். 1976-ல் கோர்ட் இல்லை என்றது. தம்பதியாக வருமான வரி கட்டும் உரிமை கேட்டார்கள். 2006-ல் அதுவும் இல்லை என்றாகிவிட்டது.

இந்தப் பட்டியலைப் பாருங்கள். வேலை, உதவித்தொகை, வரி, வாரிசு. காதல் என்ற சொல் எங்காவது வருகிறதா? காதலுக்கு அவர்கள் யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்டதெல்லாம் நம் வீட்டு பீரோவில், பிளாஸ்டிக் கவரில் பத்திரமாகக் கிடக்கிற காகிதங்கள்தான். நாமினி பெயர், பென்ஷன் புத்தகம், ஆஸ்பத்திரி ஃபாரத்தில் 'உறவு' என்ற கட்டம். நமக்கு இவை தாலி கட்டிய மறுநாளே கிடைத்துவிடுவதால் அருமை தெரிவதில்லை. நம் ஊரில் தன்பால் ஜோடிகள் சேர்ந்து வங்கிக் கணக்கு தொடங்கலாம், ஒருவரை ஒருவர் நாமினி போடலாம், தடை இல்லை என்று மத்திய நிதி அமைச்சகம் விளக்கம் கொடுத்ததே 2024 ஆகஸ்டில்தான்.

மின்னசோட்டாவில் அரசியல் எப்படி மாறியது என்பதையும் சொல்ல வேண்டும். 2010-ல் அங்குள்ள கத்தோலிக்க ஆயர்கள், திருமணம் ஆண் பெண்ணுக்கு மட்டுமே என்று வலியுறுத்தும் டிவிடியை சுமார் 4 லட்சம் வீடுகளுக்குத் தபாலில் அனுப்பினார்கள். 2012-ல் அதையே மாநில அரசியல் சாசனத்தில் எழுதலாமா என்று மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. எதிர்த்தவர்கள் செய்த பிரசாரம் விசேஷமானது. மேடையைவிட வீட்டுப் பேச்சை நம்பினார்கள். உங்கள் பாட்டியிடம் பேசுங்கள், பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுங்கள், உங்களுக்குக் கல்யாணம் ஏன் முக்கியமாக இருந்தது என்று அவர்களிடமே கேளுங்கள் என்றார்கள். ஆயிரக்கணக்கான வீடுகளில் அந்தப் பேச்சு நடந்தது. திருத்தம் தோற்றது. மறு வருடம், 2013 ஆகஸ்ட் 1 முதல், தன்பால் திருமணமே அந்த மாநிலத்தில் சட்டமானது.

எல்லோரும் உரிமம் வாங்க வரிசையில் நின்றார்கள். ஜாக்கும் மைக்கேலும் போகவில்லை. எங்களுக்குத்தான் ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டதே என்றார்கள். எழுபது வயது ஆட்களின் பிடிவாதம்! எங்கள் பெரியப்பா ஒருவர் இப்படித்தான், தன் பக்கம் நியாயம் இருந்தால் பேருந்துக்காரரிடம் பாக்கிச் சில்லறைக்காகக் கடைசி நிறுத்தம் வரை போவார். புதிதாக ஒரு சான்றிதழ் வாங்கியிருந்தால் ஒரு மத்தியானத்தில் வேலை முடிந்திருக்கும். ஆனால் அப்படி வாங்கினால், 1971 முதல் வாழ்ந்த வாழ்க்கைக்குக் கணக்கில்லை என்று அவர்களே கையெழுத்துப் போட்டதாகிவிடும் அல்லவா?

2015-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் இந்தத் திருமணங்களை ஏற்றது. அந்தத் தீர்ப்பில் ஜாக் தொடுத்த பழைய வழக்கின் பெயரைச் சொல்லி, அது இனிச் செல்லாது என்று எழுதினார்கள். 2018 செப்டம்பரில் மின்னசோட்டாவின் ஒரு மாவட்ட நீதிபதி, 1971 செப்டம்பர் 3-ல் நடந்த திருமணத்தை எந்த நீதிமன்றமும் ரத்து செய்ததில்லை, செல்லாது என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை, பதிவு செய்யுங்கள் என்று உத்தரவிட்டார். 2019-ல் மத்திய அரசின் சமூகப் பாதுகாப்புத் துறையும் அவர்களைக் கணவன்மார்கள் என்று ஏற்று ஓய்வூதியப் பலனுக்குக் கணக்கில் எடுத்துக்கொண்டது. அப்போது இருவருக்கும் வயது 76.

வேலை மறுத்த பல்கலைக்கழகம்? 2012-ல் அதன் தலைவர் மைக்கேலிடம் மன்னிப்புக் கேட்டார். மைக்கேல் தன் வாழ்நாள் காகிதங்களை, கடிதங்கள், கோர்ட் ஆவணங்கள் எல்லாவற்றையும் அந்தப் பல்கலைக்கழக நூலகத்துக்கே கொடுத்துவிட்டார். அவற்றுக்கு எண் போட்டு அடுக்க அங்கே இப்போது வேறு யாரோ ஒரு நூலகர் சம்பளம் வாங்குகிறார்!

ஒரு சந்தேகம் உங்களுக்கு வந்திருக்கும். இதை ஏன் நம் குடும்பப் பத்திரிகையில் எழுத வேண்டும்? இது குடும்பக் கதை என்பதால்தான். சாமி கும்பிடுகிற வீடு, மகன்மேல் உயிரையே வைத்திருக்கிற வீடு, ஊர் என்ன சொல்லுமோ என்று பயப்படுகிற வீடு நம்முடையது. அந்த வீட்டில் என்றைக்காவது ஒரு பையனோ பெண்ணோ சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி, 'அம்மா, ஒண்ணு சொல்லணும்' என்று ஆரம்பிக்கலாம். உங்கள் வீட்டில் இல்லாவிட்டாலும் உங்கள் நாத்தனார் வீட்டில், எதிர் ஃபிளாட்டில். அந்த நிமிஷத்தில் அந்த அம்மா என்ன செய்வது என்பதற்கு எந்தக் கோர்ட்டும் உத்தரவு போட முடியாது. உங்கள் நம்பிக்கையை விட்டுவிடச் சொல்லவில்லை. நார்மன் வீட்டைச் சுற்றியும் சர்ச்சுகள் இருந்தன.

உங்களில் சிலர் அந்த நிமிஷத்தை ஏற்கெனவே கடந்து வந்திருப்பீர்கள். பெற்றவராகவோ, பிள்ளையாகவோ, கூடப்பிறந்தவராகவோ. அப்போது என்ன சொன்னீர்கள், என்ன சொல்லியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது, எழுதுங்கள். பெயரும் ஊரும் போட வேண்டாம். போட்டிருந்தாலும் அச்சில் வராது. வரும் கடிதங்களில் முடிந்தவற்றை அடுத்த மாதம் வாசகர் பகுதியில் வெளியிடுகிறோம். எனக்கு வரும் திட்டுக் கடிதங்களும் அதே பகுதியில் வரும்.

அன்புடன்,
ஆசிரியர்